எண்ணெய் ஓட்டமும் மணலில் தங்கும் நீரும்

திருக்காளத்திக்குச் செல்லும் யாத்திரிகர்கள் பொன்முகலி ஆற்றைக் கோடையில் கண்டிருப்பர். சுவர்ணமுகி என்று இன்று வழங்கும் அவ்வாறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்பரப்பாகவே காட்சி தருகிறது. ஆயினும் அம்மணலைச் சிறிது தோண்டினால் கையில் ஈரம் படும். நிலத்தடி நீர்மட்டம் எட்டும் அளவில் இருந்தால், மேலும் தோண்டும்போது ஊற்று சுரக்கும்.

இவ்விரண்டும் நீரேயாயினும் இவற்றின் இயல்பு வேறு. ஊற்றில் சுரப்பது மணலின் இடைவெளிகளை முழுவதும் நிரப்பி, ஓடும் உரிமை பெற்ற நீர். மேல்மணலில் உள்ள ஈரமோ, நீர்மட்டம் இறங்கிய பின்னும் மணலை விட்டுப் போக மறுத்துத் தங்கிய நீர். எத்தனை நாள் காத்திருந்தாலும் புவியீர்ப்பு ஒன்றினால் மட்டும் அது முழுவதும் வடிந்துவிடுவதில்லை. அள்ளிய ஈரமணலைப் பிழிந்தாலும் சொட்டு விழாது. ஆனால் வெயிலில் உலர்த்தி எடை பார்த்தால் குறைந்திருக்கும்.

பூமிக்கடியில் 2,000 அல்லது 3,000 மீட்டர் ஆழத்திலுள்ள எண்ணெய் மணல்களிலும் இத்தகைய நீர் தங்கியிருக்கிறது. எண்ணெய்க் கிணறு எனக் கேட்டவுடன், பாறையின் இடைவெளி முழுவதும் எண்ணெயே நிறைந்திருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில், அவ்விடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கோ, மூன்றில் ஒரு பங்கோ, சில மணல்களில் பாதியோ நீராகவே இருக்கக்கூடும். இந்நீரை நாம் ‘தங்குநீர்’ என்று அழைப்போம். கிணற்றை நோக்கி எண்ணெய் ஓடும்பொழுது இத்தங்குநீர் என்னவாகிறது? எண்ணெய் அதனை இழுத்துச் செல்கிறதா, அன்றி அது தன் இடத்திலேயே இருக்கிறதா? கேட்பதற்குச் சிறிய இவ்வினாவின் விடையைப் பொறுத்தே ஒரு வயலில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்னும் மதிப்பீடு அமைகிறது.

மூவகை மணல்

மணலின் இடைவெளிகளைப் பற்றி அறிய விரும்புவோருக்குச் சித்தூர், திருப்பதிப் பகுதி நல்லதொரு பள்ளியாகும். முதலாவது, சுவர்ணமுகியின் ஆற்றுமணல். இதன் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. இத்தகைய மணல் 100 லிட்டர் எடுத்துக்கொண்டால் அதில் 35 முதல் 40 லிட்டர் வரை வெற்றிடமே. இவ்வெற்றிட அளவைப் புரைமை என்பர்.

இரண்டாவது, சத்தியவேட்டுப் பகுதியின் மணற்பாறை. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இங்குள்ள மணற்பாறைகளும் கூழாங்கற் பாறைகளும் கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. மணிகள் ஓரளவு ஒட்டியிருப்பினும் அவற்றிடையே புரைகள் எஞ்சியுள்ளன.

மூன்றாவது, நகரி மலைகளின் பெயரைத் தாங்கிய நகரிக் குவார்ட்சைட் பாறை. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் இப்பாறை பழைய கருங்கல்லின்மீது அமர்ந்திருப்பதைக் காணலாம். கீழுள்ள பாறைக்கும் மேலுள்ள பாறைக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுக் கால இடைவெளி உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் போற்றுகிறது. குவார்ட்சைட்டும் ஒரு காலத்தில் மணலாக இருந்ததே. ஆனால் நெடுங்காலப் போக்கில் சிலிக்கா படிந்து அதன் இடைவெளிகளை ஏறக்குறைய முற்றிலும் அடைத்துவிட்டது. நீருக்கும் எண்ணெய்க்கும் அதில் இடமில்லை. பாறை வெடித்த பிளவுகளில் மட்டுமே நீர் தங்கும்.

இப்பகுதியில் எண்ணெய் வயல் ஏதும் இல்லை. ஆனால் சத்தியவேட்டு மணற்பாறையின் காலத்தை ஒட்டிய மணற்படுகைகள் வடகிழக்கே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும், தெற்கே காவேரிப் படுகையிலும் ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. அவ்விரு படுகைகளிலும் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்பட்டு வருகின்றன. காவேரிப் படுகையின் நரிமணம் தமிழ் வாசகர் நன்கறிந்த பெயர். ஆகவே திருப்பதியின் மணலிலிருந்து தொடங்கி எண்ணெய் மணலுக்குச் செல்வது தொலைவான பயணமன்று.

எண்ணெய் வருமுன் இருந்த நீர்

எண்ணெய் மணல்கள் பெரும்பாலும் கடலிலோ, கழிமுகங்களிலோ, ஆறுகளிலோ படிந்தவை. படியும்போதே அவற்றின் புரைகளை நீர் நிரப்பியிருந்தது. பின்னர், வேறு அடுக்குகளில் உருவான எண்ணெய் மெல்ல நகர்ந்து இம்மணல்களை அடைந்தது. நீரைவிட இலேசானதாகையால் அது மேலேறி, நீரைக் கீழே தள்ளி இடம் பிடித்தது. ஆயினும் நீர் முழுவதும் வெளியேறவில்லை. மணிகளின் மேற்பரப்பில் மெல்லிய ஏடாகவும், மணிகள் ஒன்றையொன்று தொடும் மூலைகளில் சிறு வளையங்களாகவும், மிக நுண்ணிய புரைகளில் திரளாகவும் அது தங்கிவிட்டது.

இதனை அறிவியலார் ஐயமின்றி ஏற்பதற்கு நெடுங்காலம் பிடித்தது. கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டில் நீர் காணப்பட்டால், அது துளையிடும்போது பயன்படும் சேற்றிலிருந்து புகுந்ததாக இருக்கலாம் என்று எண்ண இடமிருந்தது. நீருக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு துளையிட்டு எடுத்த துண்டுகளை ஆராய்ந்தபோது அவ்வையம் நீங்கியது. அமெரிக்க நாட்டின் ஷில்துயிஸ் என்பவர் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகிறது.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

மழையை நம்பிய சித்தூர்ச் சீமையின் நிலங்களில் நிலக்கடலை பரவலாகப் பயிரிடப்படுகிறது. அக்கடலை எண்ணெயைக் கொண்டே இவ்வுண்மையைக் காட்டலாம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றின் அடிவாயில் துணி கட்டித் தக்கையால் அடைத்துக்கொள்க. கழுவி உலர்த்திய மணலை நிரப்பி, அளந்த நீரை மெல்ல ஊற்றி மணல் முழுவதும் நனையச் செய்க. உட்கொண்ட நீரின் அளவைக் குறித்துக்கொண்டு, தக்கையை நீக்கி, மேலே கடலை எண்ணெயை இடைவிடாது ஊற்றி வருக. காற்று உட்புகுதல் கூடாது.

முதலில் கீழே நீர் மட்டும் சொட்டும். எண்ணெய் பாகுநிலை மிக்கதாகையால் சில மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பிறகு எண்ணெய் தோன்றும். அதனுடன் சில துளி நீரும் வரும். இறுதியில் எண்ணெய் மட்டுமே வரும். இந்நிலையில் வெளிவந்த நீரை அளந்தால், உள்ளே ஊற்றிய அளவுக்கு அது குறைவாகவே இருக்கும். எஞ்சியது மணலில் தங்கியுள்ளது. அதன்மேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது எளிதில் அசைவதில்லை. எண்ணெய் நீரை ஒதுக்கிவிட்டு, தனக்குக் கிடைத்த அகன்ற வழிகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

பற்றும் விசையும் தள்ளும் விசையும்

நீரை மணலில் பிடித்து நிறுத்துவது நுண்புழை விசை. விளக்குத் திரியில் எண்ணெயை ஏற்றுவதும் இதுவே. பெரும்பாலான மணல்மணிகள் எண்ணெயைவிட நீரையே விரும்பி ஒட்டிக்கொள்கின்றன. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையேயுள்ள எல்லைப்பரப்பு இறுக்கிய தோலைப்போல் இயங்குகிறது. ஒரு குறுகிய புரைக்குள் எண்ணெய் புக வேண்டுமாயின் அத்தோலை வளைத்துத் தள்ளும் அழுத்தம் தேவை. புரையின் கழுத்து எவ்வளவு குறுகியதோ, தேவைப்படும் அழுத்தம் அவ்வளவு மிகுதி.

ஓர் எடுத்துக்காட்டாக, கழுத்தின் ஆரம் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, எனக் கொள்வோம். வழக்கமான எல்லைப்பரப்பு இழுவிசைக்கு, அதனுள் எண்ணெய் புக ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் வேண்டும். இயற்கையில் இவ்வழுத்தத்தைத் தருவது எண்ணெயின் மிதப்பு. எண்ணெயின் அடர்த்தி நீரினதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவானால், நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 3 மீட்டர் உயரத்தில்தான் எண்ணெய் அக்கழுத்தைக் கடக்க முடியும். கழுத்தின் ஆரம் 1 மைக்ரானாயின் 30 மீட்டர் உயரம் வேண்டும். எனவே எண்ணெய் மணலில் கீழிருந்து மேலே செல்லச் செல்லத் தங்குநீர் குறைகிறது. களிமண் கலந்த நுண்மணலில் மிகுந்தும், பருமணலில் குறைந்தும் காணப்படுகிறது. 1941இல் லெவரெட் என்னும் அமெரிக்க அறிஞர் இச்சமநிலையைக் கணித முறையில் விளக்கினார்.

கிணறு ஓடும்போது

இப்பொழுது கிணற்றைத் திறந்து எண்ணெயை ஓடவிடுவோம். மணலினூடே நீர் செல்லும் வேகம் அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது என்னும் விதியைப் பிரான்சு நாட்டின் தார்சி 1856இல், திஜோன் நகரின் நீர் வழங்கலைப் பற்றிய நூலில் வெளியிட்டார். எண்ணெய்க்கும் அவ்விதி பொருந்தும். அதனைக் கொண்டு ஓர் எளிய கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மணலடுக்கின் தடிப்பு 10 மீட்டர். கிணறு நாளொன்றுக்குத் தருவது 100 கன மீட்டர் எண்ணெய். எண்ணெயின் பாகுநிலை நீரினதைப்போல் இரு மடங்கு. மணலின் ஊடுருவவிடும் திறன் நடுத்தரமானது, அதாவது 100 மில்லிதார்சி. கிணற்றிலிருந்து 100 மீட்டர் தொலைவில், மணலின் குறுக்குப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், எண்ணெயின் வேகம் ஒரு நாளைக்கு 1.6 சென்டிமீட்டரே. எறும்பு சில நொடிகளில் கடக்கும் தூரத்தை எண்ணெய் ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்துக் கடக்கிறது. அங்கு 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணல்மணியின் இரு பக்கங்களுக்கிடையே எண்ணெய் ஓட்டம் உண்டாக்கும் அழுத்த வேறுபாடு, நீர்த்தம்ப உயரத்தில் 0.075 மில்லிமீட்டர் மட்டுமே. நீரைப் பற்றி நிற்கும் விசையோ 600 மில்லிமீட்டர் அளவினது. பற்றும் விசை 8,000 எனில் தள்ளும் விசை 1. இத்தகைய தள்ளலுக்குத் தங்குநீர் அசையாது.

கிணற்றை நெருங்க நெருங்க நிலைமை மாறுகிறது. நாற்புறமிருந்தும் வரும் எண்ணெய் குறுகிய வட்டத்துக்குள் நெருக்கப்படுவதால் வேகம் கூடுகிறது. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கிணற்றின் சுவரருகே அது 100 மீட்டர் தொலைவில் இருந்ததைப்போல் 1,000 மடங்காகி, நாளொன்றுக்கு 16 மீட்டரை எட்டுகிறது. அங்கு ஒரு மணிக்குத் தள்ளும் விசை பற்றும் விசையில் எட்டில் ஒரு பங்காகிவிடும். பல மணிகளைத் தழுவி நிற்கும் நீர்த்திரள்கள் அங்கே பெயர்ந்து எண்ணெயுடன் கிணற்றில் வந்து சேரலாம்.

ஆனால் இந்த வட்டம் எவ்வளவு சிறியது! கிணற்றைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்துக்குள் அடங்கும் மணல், 100 மீட்டர் ஆரத்துக்குள் அடங்குவதில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. கிணறு திறந்த தொடக்கத்தில் சிறிதளவு நீர் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மாதக்கணக்கில் தொடர்ந்து வரும் நீருக்கு இது காரணமாகாது. வயலின் மிகப் பெரும்பகுதியில் எண்ணெய் தங்குநீரை அதன் இடத்திலேயே விட்டுச் செல்கிறது.

ஆய்வுக்கூடத்தில் நேரும் பிழை

தங்குநீரின் அளவைக் காண, பாறைத் துண்டை நீரால் நிரப்பி எண்ணெயைச் செலுத்துவது ஆய்வுக்கூட முறைகளுள் ஒன்று. 3.8 சென்டிமீட்டர் விட்டமுள்ள துண்டில் நிமிடத்துக்கு 5 கன சென்டிமீட்டர் வீதம் எண்ணெயைச் செலுத்தினால் அதன் வேகம் நாளொன்றுக்கு 6 மீட்டருக்கு மேலாகும். மேலே கண்ட வயலின் வேகத்தைப்போல் இது ஏறத்தாழ 400 மடங்கு. வயலில் அசையாத நீர் இங்கே அசைந்து வெளியேறிவிடும். துண்டில் எஞ்சும் நீர் 20 சதவீதம் என அளக்கப்படலாம். வயலிலோ அது மிகுதியாக இருக்கலாம்.

வேகத்தை மிகவும் குறைத்தால் வேறொரு பிழை நேர்கிறது. துண்டின் வெளிவாயில் நீர் நுண்புழை விசையால் பிடிபட்டுத் தேங்கி நிற்கும். அதனையும் சேர்த்து அளந்தால் தங்குநீர் மிகைப்படத் தோன்றும். ஆகவே ஆராய்ச்சியாளர் ஒரே முறையை நம்பியிருப்பதில்லை. நீரை மட்டும் வெளியேவிடும் நுண்துளைத் தட்டின்மீது துண்டை வைத்து, அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, வாரக்கணக்கில் காத்திருந்து அளக்கின்றனர். விரைந்து சுழலும் எந்திரத்தில் வைத்து மைய விலக்கு விசையால் நீரைப் பிரித்தும் பார்க்கின்றனர். எம்முறையாயினும், எண்ணெய் வயலின் உயரம் இயற்கையில் தந்த அழுத்தம் எவ்வளவோ, அதற்கு ஒப்பான அழுத்தத்தில் அளந்த நீரே உண்மைத் தங்குநீராகும்.

விதிவிலக்குகள்

எல்லா மணல்களும் நீரையே விரும்புவதில்லை. எண்ணெயிலுள்ள சில கனத்த பொருள்கள் மணிகளின்மேல் படிந்து அவற்றை எண்ணெயை விரும்புவனவாக மாற்றிவிடுவதுண்டு. அங்கே எண்ணெய் சுவரை ஒட்டிப் படர, நீர் புரையின் நடுவில் நிற்கும். அந்நீரைப் பெயர்ப்பது எளிது. எரிவாயு மணல்களில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. கிணற்றருகே அழுத்தம் குறைந்து விரியும் வாயு, மேலும் நீராவியை ஏற்கும் ஆற்றல் பெறுகிறது. எனவே அது தங்குநீரைத் தள்ளாமலே சிறிது சிறிதாக உலர்த்திச் செல்லும். நீரில் கரைந்திருந்த உப்பு பின்தங்கிப் புரைகளை அடைப்பதும் உண்டு.

இவ்வளவும் எதற்காக?

1 சதுர கிலோமீட்டர் பரப்பும், 10 மீட்டர் தடிப்பும், 20 சதவீதப் புரைமையும் உள்ள ஒரு மணலடுக்கில் வெற்றிடம் 20 இலட்சம் கன மீட்டர். தங்குநீர் 20 சதவீதம் எனில் எண்ணெய் 16 இலட்சம் கன மீட்டர். 35 சதவீதம் எனில் 13 இலட்சம் கன மீட்டரே. ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைச் சற்று வேகமாகத் தள்ளியதால் மட்டும் 3 இலட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 19 இலட்சம் பீப்பாய் எண்ணெய், தாளில் கூடுதலாகத் தோன்றிவிடுகிறது. அதனை நம்பிக் குழாய்களும் மேடைகளும் அமைத்தபின் உண்மை வெளிப்படுமாயின் நேரும் நட்டத்தை ஈடுசெய்ய வழியில்லை.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. கிணற்றில் இறக்கும் மின்கருவி பாறையின் மின்தடையை அளக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. 1942இல் ஆர்ச்சி வகுத்த தொடர்பைக் கொண்டு மின்தடையிலிருந்து நீரின் பங்கைக் கணக்கிடுவர். ஆனால் களிமண் கலந்த நுண்மணலில் தங்குநீர் மிகுதியாதலால் மின்தடை குறைவாகக் காணும். ‘இது நீர் மணல்’ என்று கைவிடத் தோன்றும். அங்குள்ள நீரோ அசையாத நீர். கிணற்றைத் திறந்தால் நீரின்றி எண்ணெயே வரக்கூடும். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும் இவ்வாறு குறைந்த மின்தடை காட்டும் எண்ணெய், வாயு மணல்கள் அறியப்பட்டுள்ளன. நீர் எவ்வளவு உள்ளது என்பதோடு, அது ஓடும் நீரா, தங்கும் நீரா என்பதையும் அறிந்தாலன்றி இம்மணல்களின் மதிப்பு விளங்காது.

மூன்றாவதாக, நன்கு ஓடிய கிணறு திடீரென நீர் தரத் தொடங்கினால், ‘எண்ணெய் தங்குநீரை இழுத்து வருகிறது’ என்று அமைதி கொள்ளலாகாது. நாம் கண்ட கணக்கு அதற்கு இடம் தராது. அடியிலுள்ள நீர்மட்டம் கூம்புபோல் மேலெழுந்திருக்கலாம்; பக்கத்து நீர் முன்னேறியிருக்கலாம்; குழாயைச் சூழ்ந்த சிமெண்டில் பிளவு கண்டிருக்கலாம். காரணத்தை உடனே தேடினால் கிணற்றைக் காப்பாற்ற வழியுண்டு. காலம் கடத்தினால், வெளியேறும் வழியில்லாத எண்ணெய் நீரால் சூழப்பட்டு மணலிலேயே சிக்கிவிடும்.

எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் 1956இல் நிறுவப்பட்டது. 1960இல் அங்கலேசுவரில் எண்ணெய் காணப்பட்டது. அதன்பின் நம் நாட்டில் பல வயல்கள் தோன்றியுள்ளன. எனினும் நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இன்றும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. எனவே, உள்ள வயல்களில் இருப்பதைச் சரியாக அளந்து, எடுக்கக்கூடியதை வீணாக்காமல் எடுப்பது முக்கியமான கடமையாகிறது. அதற்கு வேண்டிய அடிப்படை அறிவு, கோடையில் பொன்முகலியின் மணலை அள்ளிப் பார்ப்பவர் கையில் படும் ஈரத்திலேயே தொடங்குகிறது.